பால் சேர்க்காத பதில்கள்

வீட்டில் பாட்டி காலத்துப் பித்தளை ஃபில்டர் இருக்கும்போது இந்தப் ‘போர் ஓவர்’ எதற்கு ஐயா? இரண்டும் மேலே ஊற்றிக் கீழே இறங்குவதுதானே?
டிகிரி காபி பக்தர், கும்பகோணம்

அதேதான். இரண்டிலும் காபி போடுவது புவியீர்ப்புதான். ஆனால் இறங்குகிற சரக்கு வேறு. பித்தளை ஃபில்டரில் இறங்குவது டிக்காஷன். ஒரு டம்ளர் பாலைச் சமாளிக்க வேண்டிய கள்ளிச்சொட்டு. அதை அப்படியே குடித்தால் முகம் அஷ்டகோணலாகும். போர் ஓவரில், அதாவது கூம்பில் காகிதம் வைத்துத் தூளின்மேல் வெந்நீர் ஊற்றும் முறையில், இறங்குவது முழுக் காபி. அதற்குமேல் எதையும் சேர்க்க வேண்டாம். டிக்காஷன் இறங்க இருபது நிமிஷம், அரைமணி. போர் ஓவருக்கு மூன்று நிமிஷம். பால் காபிக்கு அது, கறுப்புக் காபிக்கு இது. இரண்டுக்கும் சக்களத்திச் சண்டை மூட்டாதீர்கள். பித்தளையைப் பழைய பாத்திரக் கடையில் போட்டுவிட்டு இதை வாங்கப் போகிறவருக்கு என் ஆதரவு கிடையாது.

இந்தக் காகித வடிகட்டியைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?
பள்ளி ஆசிரியர், தென்காசி

புண்ணியவதி. பெயர் மெலிட்டா பென்ட்ஸ். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி. அன்றைக்குக் காபியைக் கொதிக்க வைப்பார்கள், இல்லாவிட்டால் துணியில் வடிப்பார்கள். முதலாவதில் கப்பின் அடியில் சேறு. இரண்டாவதில் துணி துவைக்கிற வேலை. 1908இல் அந்த அம்மாள் ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்து, தூளைக் கொட்டி வெந்நீரை ஊற்றினார். தெளிந்த காபி இறங்கியது. அந்த ஆண்டு ஜூனில் காப்புரிமை, டிசம்பரில் கம்பெனி. பதிவு செய்தபோது மூலதனம் 73 பென்னிக், அதாவது முழுதாக ஒரு மார்க்கூட இல்லை. கணவர் ஹ்யூகோவும் பிள்ளைகளும்தான் முதல் ஊழியர்கள். அடுத்த ஆண்டு லைப்சிக் சந்தையில் ஆயிரத்துக்கும் மேல் வடிகட்டிகள் விற்றுத் தீர்ந்தன. பின்னாளில் தொழிலாளர்களுக்குக் கிறிஸ்துமஸ் போனஸும் வாரத்துக்கு ஐந்து நாள் வேலையும் கொடுத்த முதலாளி. நோட்டைக் கிழித்ததற்குப் பாராட்டு வாங்கியவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வளவளவென்று வேண்டாம். ஒரு கப் போடும் முறையை மட்டும் சொல்லுங்கள்.
அவசரக்காரர், திருப்பூர்

தூள் 15 கிராம், தண்ணீர் 250 கிராம். ஆமாம், தண்ணீரும் கிராமில்தான். கப்பையும் கூம்பையும் தராசின்மேல் வைத்துவிட்டால் ஊற்ற ஊற்ற எண் ஏறும். அரைப்பு மெல்லிய ரவைப் பதம். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிஷம் விடுங்கள்.

காகிதத்தைத் தையல் ஓரத்தில் மடித்துக் கூம்பில் வைத்து, முதலில் வெறும் வெந்நீரால் நனையுங்கள். காகித வாசனை போகும், கூம்பும் கப்பும் சூடாகும். கப்பில் இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இதை மறந்துவிட்டு, ‘காபி தண்ணியா இருக்கு’ என்று எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு. பிறகு தூளைப் போட்டுத் தட்டிச் சமமாக்கி, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

முதலில் 45 கிராம் தண்ணீர், தூள் முழுவதும் நனைகிற மாதிரி. 40 விநாடி கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பிறகு நடுவில் தொடங்கி மெதுவாக வட்டமிட்டு 150 வரை. மட்டம் கொஞ்சம் இறங்கியதும் 250 வரை. கூம்பை லேசாக ஒரு சுழற்றுச் சுழற்றினால் ஓரத்தில் ஒட்டிய தூளும் கீழே வந்து சேரும். முதல் சொட்டுத் தண்ணீர் விட்டதிலிருந்து மூன்று நிமிஷத்தில், பதினைந்து விநாடி முன்னே பின்னே, வடிந்து முடிய வேண்டும். தூள் தன் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும். உங்களுக்கு மிஞ்சுவது சுமார் 220 மில்லி. டம்ளர் சின்னதாக இருந்தால் டபராவையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காபி போடத் தராசா? இதென்ன நகைக்கடையா? எங்கள் அம்மா கையளவில் போடுவாள், தேவாமிர்தம்.
அம்மா பிள்ளை, திருச்சி

அம்மாவிடம் அதே கரண்டி, அதே ஃபில்டர், அதே கடைத் தூள், இத்தனை வருஷக் கை. அந்தக் கைதான் தராசு. உங்களிடம் அது இல்லை. தவிர, கரண்டி கொட்டைக்குக் கொட்டை ஏமாற்றும். கறுக்க வறுத்த கொட்டை உப்பி லேசாகியிருக்கும்; இளவறுப்பு கனக்கும். ஒரே கரண்டியில் இரண்டும் ஒரே எடை வராது. சமையலறைத் தராசு போதும், ஒரு கிராம் வித்தியாசத்தைக் காட்டினால் சரி.

சொன்னபடிதான் செய்கிறேன். ஒருநாள் புளிக்கிறது, ஒருநாள் கசக்கிறது. என் ஜாதகம் அப்படியா?
குழம்பியவர், மதுரை

ஜாதகமில்லை, அரைப்பு. தூளுக்குள் இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி வருவதில்லை. புளிப்பு முதல் பஸ்ஸிலேயே வந்துவிடும். இனிப்பு அடுத்ததில். கசப்பும் துவர்ப்பும் கடைசி பஸ். தண்ணீர் சீக்கிரம் ஓடிவிட்டால் புளிப்பு மட்டும் வந்து இறங்கியிருக்கும். நெடுநேரம் நின்றால் கடைசி பஸ்ஸும் வந்து சேரும்.

வறுத்த கொட்டையில் தண்ணீரில் கரையக்கூடியது ஏறக்குறைய 30 சதவீதம். அத்தனையையும் உருவிவிடக் கூடாது. 1950களில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற வேதியியலாளர் இதை ஆராய்ந்து ஒரு வரைபடமே போட்டார். தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் கரைந்து வந்தால் ருசி என்ற கணக்கு அதிலிருந்து நிலைத்ததுதான். வீட்டில் அதை அளக்க வேண்டாம், நாக்கு போதும். புளித்தால் அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் நைஸாக அரையுங்கள். கசந்தால் கொஞ்சம் பருமனாக. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அளவு, சூடு, அரைப்பு மூன்றையும் சேர்த்து மாற்றினால் நல்ல காபி வந்தால்கூட எந்தப் புண்ணியத்தால் வந்தது என்று தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். கிச்சிலிப் பழத்தில் இருக்கிற மாதிரியான புளிப்பு நல்ல மலைக் காபியின் லட்சணம். நாக்கைக் கூசவைத்து, குடித்தபின் வாய் வெறிச்சென்று ஆகிறதே, அந்தப் புளிப்பைத்தான் துரத்தச் சொல்கிறேன்.

ஒரே கப்பில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால்?
அவர் பக்கத்து வீட்டுக்காரர், மதுரை

மிக்ஸியில் அரைக்கிறீர்கள்.

ஆமாம், மிக்ஸியில்தான் அரைக்கிறேன். உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அதிலென்ன தப்பு?
அதே ஆள், அதே மதுரை

மிக்ஸி பிளேடு அரைப்பதில்லை, வெட்டுகிறது. மாட்டியது பொடியாகும், தப்பியது அரைக் கொட்டையாக நிற்கும். பொடி கசப்பைக் கக்கும், காகிதத்தின் துளைகளையும் அடைக்கும். அரைக் கொட்டை புளிப்போடு நின்றுவிடும். இரண்டும் ஒரே கப்பில் சந்திக்கும். வேறு வழியில்லை என்றால், விட்டுவிட்டு ஒவ்வொரு விநாடியாக ஓட்டி, நடுநடுவே ஜாரைக் குலுக்கி, கடைசியில் மாவுச் சல்லடையில் சலித்துப் பொடியை நீக்கிவிடுங்கள். அந்தப் பொடியைப் பித்தளை ஃபில்டர் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். கையில் காசு வந்தால் முதலில் வாங்க வேண்டியது கையால் சுற்றும் பர் கிரைண்டர். இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் நசுங்கி ஒரே அளவாக விழும். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் நீங்கள் வாங்காவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

மிளகாய் அரைத்த ஜாரில் காபி அரைப்பது பற்றி ஒரு வாசகி தனியாகக் கேட்டிருக்கிறார். வேண்டாம், தாயே.

கூம்பு பீங்கானில் வாங்கவா, கண்ணாடியிலா, செம்பிலா?
கல்யாணப் பரிசு தேடுபவர், கோவை

பரிசு என்றால் செம்பு, பார்க்க லட்சணம். குடிக்க என்றால் பிளாஸ்டிக். பீங்கானும் கண்ணாடியும் தண்ணீரின் சூட்டைத் தாங்கள் வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் அவ்வளவு வாங்காது. விலையும் குறைவு, கைதவறினால் உடையவும் செய்யாது. கடைகளில் அதிகம் கிடைக்கும் வி60 என்ற கூம்பைச் செய்வது ஹாரியோ. 1921இல் டோக்கியோவில் ஆய்வுக்கூடக் கண்ணாடிச் சாமான்கள் செய்யத் தொடங்கிய நிறுவனம். கூம்பின் கோணம் 60 டிகிரி, உள்ளே சுருள் வரிகள், அடியில் ஒரே பெரிய ஓட்டை. ஓட்டை பெரிதாக இருப்பதால் வேகத்தை அது தீர்மானிக்காது. உங்கள் அரைப்பும் ஊற்றும் கையும் தீர்மானிக்கும். கைக்கு அவ்வளவு பொறுப்பு வேண்டாம் என்பவர்களுக்குத் தட்டை அடியும் மூன்று சின்ன ஓட்டைகளும் உள்ள கலிட்டா வேவ் இருக்கிறது.

வாத்துக் கழுத்துக் கெட்டில் இல்லாமல் முடியாது என்கிறார்களே, விலை கையைக் கடிக்கிறது.
சிக்கனச் செம்மல், காரைக்குடி

காரைக்குடிக்காரர் கேட்கிற கேள்வியா இது? பரணில் கெண்டி இருக்குமே! மெல்லிய மூக்கு, அளவான தாரை. அதில் வெந்நீரை மாற்றி ஊற்றுங்கள். ஈயம் பூசாத பித்தளை மட்டும் வேண்டாம். கெண்டி இல்லாவிட்டால் மூக்குள்ள எந்தச் சின்னப் பாத்திரமும் ஆகும். தூளில் பள்ளம் பறிக்காமல் ஊற்றத் தெரிந்தால் சரி.

எங்கள் ஊரில் தண்ணீர் கொதித்தபின் அரை நிமிஷம் ஆறவைக்க வேண்டுமா?
குளிரில் ஒருவர், ஊட்டி

நீங்கள் மட்டும் வேண்டாம். கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். இந்தக் காபிக்கு வேண்டியது 90 முதல் 96 வரை. உங்களுக்கு இயற்கையே ஆறவைத்துத் தருகிறது. அப்படியே ஊற்றுங்கள்.

வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர். காபி சப்பென்று இருக்கிறது. போர்வெல் தண்ணீரில் போட்டால் சுண்ணாம்பு மாதிரி. நான் எங்கே போக?
நடுவில் மாட்டியவர், வேளச்சேரி

இரண்டையும் கலக்கப் போங்கள். கப்பில் இருப்பது 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். காபி என்று நாம் கொண்டாடுவது மிச்சம் ஒன்றரை. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் தூளிலிருந்து ருசியை இழுத்து வர உதவும். ஆர்.ஓ. அவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. போர்வெல்லில் பைகார்பனேட் மிஞ்சி நல்ல புளிப்பையும் அடக்கிப் போட்டுவிடுகிறது. தண்ணீரில் கரைந்திருப்பதன் அளவைச் சொல்லும் டி.டி.எஸ். 75 முதல் 250க்குள் இருந்தால் நல்லது, 150 உத்தமம். சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, குடிக்கத் தகுந்த போர்வெல் தண்ணீரை ஆர்.ஓ.வில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். போர்வெல் தண்ணீர் குடிக்கவே தகாது என்றால், கடையில் மினரல் வாட்டர் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும்போது காபி மட்டும் எப்படி மாறாமலிருக்கும்?

முதல் தண்ணீர் ஊற்றியதும் தூள் பொங்கிக் குமிழ் விடுகிறது. கெட்டுப்போன தூளா?
பயந்தவர், நாகர்கோவில்

நல்ல தூள். வறுக்கும்போது கொட்டைக்குள் சிக்கிய கரியமில வாயு வெளியேறுகிறது. அது போகட்டும் என்றுதான் 40 விநாடி காத்திருக்கச் சொன்னேன். வாயு இருக்கும்வரை தண்ணீரை உள்ளே விடாது. குமிழே வராவிட்டால்தான் பயப்பட வேண்டும், வறுத்து நாளாகிவிட்டது. அதற்காக நேற்று வறுத்ததை இன்று போடாதீர்கள். ஒரு வாரம் போலக் காற்றுப் புகாத பையில் கிடக்கட்டும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம். ஈரமும் பக்கத்துச் சாம்பார் வாசனையும் சேரும்.

இதில் பால் ஊற்றலாமா?
சாமானியன், சேலம்

ஊற்றலாம். போலீஸ் வராது. காபியும் வராது.

சிக்கரி கலந்த தூளைப் போட்டேன். பத்து நிமிஷமாகியும் இறங்கவில்லை.
காத்திருப்பவர், தஞ்சாவூர்

இறங்காது. சிக்கரி ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. காஃபீன் துளியும் கிடையாது. காபியைவிட மிக அதிகமாகத் தண்ணீரில் கரைந்து கொழகொழப்பையும் கறுப்பையும் கொடுக்கும். பாலில் அது பலம், காகிதத்தில் அது அடைப்பு. சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். ‘53:47’ என்று பார்த்தால் அது ஃபில்டருக்கான பாக்கெட். இதற்கு ‘சிக்கரி இல்லாமல்’ என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, எந்தக் கொட்டை வாங்குவது? ஒரு பெயர் சொல்லுங்கள்.
முடிவெடுக்க முடியாதவர், புதுச்சேரி

கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன். கடைக்காரரிடம் என்ன கேட்பது என்று சொல்கிறேன். அரபிகா மட்டும், ரோபஸ்டா வேண்டாம். ரோபஸ்டா டிக்காஷனுக்குக் கெட்டி. தனியாகக் குடித்தால் முரடு. ‘பிளான்டேஷன் ஏ’ என்றால் பழத்தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த அரபிகாவில் பெரிய கொட்டை, தைரியமாக வாங்கலாம். ‘பீபெர்ரி’ பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றையாக விளைந்தது. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும். அதற்கு ஏழேழு ஜென்மத்து மகிமை இருப்பதாகக் கேள்விப்பட்டால் நம்ப வேண்டாம். வறுப்பு முக்கியம்: இளவறுப்பு அல்லது நடுத்தரம். எண்ணெய் மினுமினுக்கும் கறுப்புக் கொட்டை பாலுக்குப் பிறந்தது.

ஊர்களில் சிக்மகளூர்ப் பக்கத்துச் சந்திரகிரி மலைக்கு முதல் மரியாதை. 17ஆம் நூற்றாண்டில் பாபா புடன் ஏழு விதைகளைக் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் மலை அது. அதே மாவட்டத்தில் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1940களில் தந்த எஸ்.795 ரகம் போர் ஓவருக்கு நன்றாகப் பேசும். நம் ஏற்காடும் சளைத்ததில்லை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்திலிருந்தே அங்கே காபி உண்டு. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கத்துக் கொட்டை கிடைத்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பாக்கெட்டில் ‘மல்லிகை, பீச், தேன்’ என்று போட்டிருந்தது. குடித்தேன். காபி வாசனைதான் வந்தது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
ஏமாந்தவர், ஈரோடு

போகலாம், நீதிபதிக்கும் ஒரு கப் எடுத்துப் போங்கள். அதெல்லாம் சேர்த்த சாமான் இல்லை. வறுத்த காபியில் நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்கள் உண்டு. அவற்றில் சில பூவையும் பழத்தையும் ஞாபகப்படுத்தும். ருசிக்குப் பெயர் வைக்க 1995இல் ஒரு வட்ட அட்டவணையே போட்டார்கள், 2016இல் திருத்தினார்கள். அதிலிருந்து பொறுக்கிப் பாக்கெட்டில் எழுதுகிறவர்களில் சிலருக்குக் கவிதை நோய். நான் மூன்றில் ஒன்றை நம்புகிறேன். ஆனால் உங்கள் பக்கமும் ஒரு தப்பு: கொதிக்கக் கொதிக்கக் குடித்திருப்பீர்கள். சூட்டில் நாக்குக்கு எதுவும் தெரியாது. ஆற ஆறத்தான் வாசனை பிரியும். தவிர, 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் சொன்னது. பழி சூட்டின்மேல்தான், காபியை அதே ஆண்டு விடுதலை செய்துவிட்டார்கள்.

யூடியூபில் ஆளுக்கொரு விதமாக ஊற்றுகிறார்கள். ஜப்பான்காரர் ஒருவர் ஐந்து தடவை ஊற்றுகிறார். யாரைப் பின்பற்ற?
ஐ.டி. தூக்கமின்மை, சோழிங்கநல்லூர்

அந்த ஜப்பான்காரர் டெட்சு கசுயா, 2016 உலக பிரூவர்ஸ் கோப்பைச் சாம்பியன். தூள் 20 கிராம், தண்ணீர் 300. அதை ஐந்தாகப் பிரித்து 60, 60 ஆக, 45 விநாடிக்கு ஒரு தடவை. முதல் இரண்டு ஊற்றல், அதாவது 40 சதவீதம், இனிப்பையும் புளிப்பையும் பார்த்துக்கொள்ளும். மீதி 60 சதவீதம் கெட்டித்தன்மையை. முதல் ஊற்றலைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டினால் இனிப்பு தூக்கும். அரைப்பு நன்றாகப் பருமனாக இருக்க வேண்டும். இந்த முறை பிடித்திருந்தால் அதையே ஒரு பாக்கெட் தீரும்வரை செய்யுங்கள். தினம் ஒரு குருவை மாற்றினால் சீடனுக்கு எதுவும் ஒட்டாது.

எனக்குக் கொலஸ்ட்ரால். டாக்டர் காபியைக் குறைக்கச் சொல்கிறார். காகிதத்தில் வடித்தால் பரவாயில்லையா?
மாத்திரைப் பெட்டி, வேலூர்

டாக்டரிடமே கேளுங்கள், ஆனால் இந்தத் தகவலோடு போங்கள். 1983இல் நார்வேயில் டிரோம்சோ நகர மக்களை ஆராய்ந்தவர்கள் காபிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் தொடர்பைக் கண்டார்கள். அங்கே காபியைக் கொதிக்கவைத்து வடிக்காமல் குடிக்கும் வழக்கம். பின்னால் தெரிந்த காரணம், காபி எண்ணெயிலுள்ள கஃபெஸ்டால், கவியோல் என்ற இரண்டு பொருள்கள். காகிதம் அவற்றைப் பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். உலோக ஃபில்டரின் ஓட்டைகள் அப்படிப் பிடிப்பதில்லை. சர்க்கரையும் பாலும் வேறு குறைகிறது.

கலர் டீ மாதிரி இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்குக் குடித்தேன். விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
விழித்திருப்பவர், தூத்துக்குடி

நிறத்தை நம்பி மோசம் போனீர்கள். 15 கிராம் அரபிகாவில் சுமார் 180 மில்லிகிராம் காஃபீன். அதில் பெரும்பகுதி கப்பில் இறங்கிவிடும். நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 போதும் என்கிறார்கள், கர்ப்பிணிகளுக்கு 200. மாலை நான்கு மணிக்குமேல் இந்தக் கூம்பை அலமாரியில் கவிழ்த்து வையுங்கள்.

நான்கு விருந்தாளிகள் வந்தால்?
கூட்டுக் குடும்பம், சிவகங்கை

கெமெக்ஸ் என்று ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கிறது. பீட்டர் ஷ்லும்போம் என்ற வேதியியலாளர் 1941இல் செய்தது, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் ஒன்று உண்டு. நான்கு பேருக்குத் தாராளமாக இறக்கலாம். ஆனால் சிவகங்கையில் விருந்தாளிக்குக் கறுப்புக் காபி கொடுத்து, ‘பால் வாங்கலையா?’ என்று கேட்க வைக்காதீர்கள். பித்தளை ஃபில்டரை எடுங்கள்.

மிஞ்சிய தூளைச் செடிக்குப் போடலாமா? மனைவி கிச்சன் சிங்க்கில் போடாதே என்கிறாள்.
மாடித் தோட்டக்காரர், கடலூர்

மனைவி சொல்வது சரி. எண்ணெயோடு சேர்ந்து குழாயை அடைக்கும். செடியின் தலையிலும் கனமாகக் கொட்டாதீர்கள். காய்ந்து பொருக்குக் கட்டித் தண்ணீரை உள்ளே விடாது. உரக்குழியில் காய்ந்த இலைகளோடு கலந்து போடுங்கள், காகிதத்தையும் சேர்த்தே. மக்கியபின் செடிக்குப் போகட்டும். துளசிக்கு மட்டும் கொஞ்சம் குறைவாக. அது ஏற்கெனவே விடியற்காலையில் எழுந்துகொள்கிற ஜாதி.